பொதிந்த குலைக்குள்

எங்கள் விளையில் இந்த வருடம் ஏத்தன் 110 மூடு நிற்கிறது. வெளியூரில் நேந்திரன் என்று சொல்வதைத்தான் நாங்கள் ஏத்தன் என்கிறோம். அவர்களுக்குத் தார், எங்களுக்குக் குலை. தோட்டத்தை விளை என்போம், ஒரு வாழையை ஒரு மூடு என்போம். கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம், பரளியாற்றுக்கு நடந்து போகிற தூரத்தில் 60 சென்ட். தென்னை 14, அயினி ஒன்று, அதில் நல்லமிளகுக் கொடி, பிலாவு இரண்டு, கிணற்றோரம் மட்டி வாழை ஏழெட்டு. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே மட்டிதான். வடக்கே எல்லைச்சுவரான கையாலைக்கு அந்தப் பக்கம் முழுக்க ரப்பர். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் எட்டு வருடமாக விளை என் பொறுப்பு. கூட இருப்பது மாமியும், எட்டாம் வகுப்பு படிக்கிற மகளும்.

ஏத்தன் குலைக்கு ஒரு வேலை உண்டு. குலை தள்ளி, காய் எல்லாம் விரிந்து, பூவையும் ஒடித்து எடுத்த பிறகு காய்ந்த வாழைச்சருகால் குலையை மூடிக் கட்டுவோம். பொதிவது என்று சொல்வது. வெயில் பட்டால் காயின் முதுகு கருகும், தோலில் திட்டு விழும். பொதிந்த குலை ஒரே நிறமாக, வழவழப்பாக இருக்கும், வியாபாரியும் குறை சொல்ல மாட்டார். சருகை அதே மரத்திலிருந்து எடுப்போம், கட்டுவதற்கு வாழைநார். மேலே குலைத்தண்டில் ஒரு கட்டு, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. பிப்ரவரி மூன்றாம் வாரம் நான் ஒரே நாளில் 22 குலை பொதிந்தேன். மறுநாள் தோளைத் தூக்க முடியவில்லை.

மார்ச் 12 காலை. பங்குனி பிறக்க இரண்டு நாள் இருந்தது. கிணற்றில் மோட்டாரைப் போட்டுவிட்டு வெட்டுக்கத்தியான வெட்டோத்தியை எடுத்துக்கொண்டு சருகு கழிக்கப் போனேன். ஏத்தனில் சருகைத் தொங்கவிட்டால் தண்டுத் துளைப்பான் வண்டு அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஒரு மூட்டில் வந்தால் பக்கத்து மூட்டுக்கும் போகும். அதனால் நான் சருகு விஷயத்தில் கறார். என் விளையில் ஒரு மூட்டிலும் பாவாடை கட்டினது மாதிரி சருகு தொங்காது. பார்க்கிறவர்கள் அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

வடக்குக் கையாலை ஓரத்து மூட்டில் இரண்டு சருகை வெட்டித் தள்ளினேன். இந்தக் குலையும் விளைந்திருக்குமே, திறந்து பார்ப்போம் என்று தோன்றியது. முக்காலியைப் போட்டு ஏறி, முதலில் கீழ்க்கட்டை அறுத்தேன். பிறகு நடுக்கட்டு. பொதிந்த சருகு ஒரு பக்கமாக விரிந்து தொங்கியது. மேல்கட்டில் வெட்டோத்தியை வைத்தேன்.

முகத்துக்கு நேராக ஏதோ பாய்ந்து வந்தது. காற்று கன்னத்தில் பட்டது. நான் முக்காலியோடு சரிந்து, வாழையைப் பிடித்து நின்றேன். வெட்டோத்தி கீழே விழுந்துவிட்டது. பிலாவுக் கொம்பில் போய் உட்கார்ந்து அது கத்தின கத்தலில்தான் கொண்டைக்குருவி என்று தெரிந்தது. கூரான கறுத்த கொண்டை, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பொட்டு, வெள்ளைக் கன்னம், வாலடியில் சிவப்பு. பறவைப் புத்தகங்களில் செம்மீசைச் சின்னான் என்று போட்டிருக்கும். தினமும் காலையில் முதலில் கேட்கிற சத்தமே அதுதான் எங்களுக்கு.

மறுபடி ஏறிப் பார்த்தேன். குலைத்தண்டு வளைந்து கீழே இறங்குகிற இடத்தில், முதல் சீப்பின் காய்கள் மேல்நோக்கி வளைந்து உள்ளங்கை குவித்த மாதிரி நிற்கும் அல்லவா, அதற்குள் ஒரு கூடு. சிரட்டையைவிடச் சிறியது. உள்ளே மூன்று முட்டை. வெளிறின ரோஸ் நிறத்தில் தவிட்டுச்சிவப்புப் புள்ளிகள், பருத்த நுனியில் புள்ளிகள் நெருங்கி வளையம் போட்ட மாதிரி. மாலை கோக்கிற பாசிமணி நினைவுக்கு வந்தது.

நான் பொதிந்த சருகுதான் அதற்குக் கூரை. வெயிலும் படாது, காக்கைக்கும் தெரியாது. இடுக்கு வழியாக உள்ளே போய், மூன்று வாரத்துக்குள் கட்டி, முட்டையும் இட்டிருக்கிறது. தினமும் நான் அந்த வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறேன், ஒரு நாளும் கவனிக்கவில்லை. இப்போது கூரையை நானே பிய்த்துப்போட்டுவிட்டேன். மேலே நிழல் தந்த இரண்டு சருகையும் வெட்டியாயிற்று. மணி ஒன்பதரை. வெயில் நேராக முட்டையின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

கை நடுங்கியது. உண்மையாகவே நடுங்கியது. வெட்டிப்போட்ட சருகில் அகலமானதை எடுத்துக் கிணற்று நீரில் நனைத்துப் பதமாக்கி, மேல்கட்டுக்குள் செருகினேன். அது நிற்காமல் வழுக்கியது. பக்கத்து மூட்டிலிருந்து நார் கிழித்து, தொங்கின பழைய சருகையும் இதையும் சேர்த்து, கூட்டைத் தொடாமல், கிழக்குப் பக்கம் மட்டும் ஒரு கை போகிற அளவு வாசல் விட்டுக் கட்டினேன். பத்து நிமிட வேலை, எனக்கு ஒரு மணி நேரம் மாதிரி இருந்தது. இரண்டு குருவிகளும் பிலாவுக்கும் தென்னைக்கும் மாறி மாறிப் பறந்து கத்திக்கொண்டே இருந்தன.

மாமி சத்தம் கேட்டு வந்துவிட்டார்கள். வயது 78, கண் கொஞ்சம் மங்கல், காது நன்றாகக் கேட்கும்.

“எத்தன முட்டை கெடக்கு?”

“மூணு மாமி.”

“அப்ப நீ அங்க நிக்காத. மாறி நில்லு மக்களே. நீ நின்னா தள்ளை வராது.”

தள்ளை என்றால் தாய். இருவரும் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தோம். கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் எந்தப் பாத்திக்குப் போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று, வரவில்லை. இருபது நிமிடம். ஒரு குருவி வாழை இலைமேல் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போயிற்று. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கூரை பழையதுபோல் இல்லை, வாசல் மாறிவிட்டது, இனி வராது என்றே நினைத்தேன். மாமி ஒன்றும் பேசவில்லை. நாற்பது நிமிடம் கழித்து அது வந்தது. சருகின் மேல் உட்கார்ந்தது, வாசலைப் பார்த்தது, ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடியும் பார்த்தது. சட்டென்று உள்ளே போய்விட்டது. வால் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. மாமி என் முட்டியில் கையை ஊன்றி எழுந்தார்கள்.

“இருவத்தஞ்சு நாளு. அது வரைக்கும் அந்த மூட்டுக்க பக்கம் வெட்டோத்தி கொண்டு போவாத.”

மாமி படித்தது ஐந்தாம் வகுப்பு. அன்று ராத்திரி நான் தேடிப் படித்ததில், இந்தக் குருவி அடைகாப்பது சுமார் 12 நாள், குஞ்சு கூட்டில் இருப்பதும் ஏறக்குறைய அதே அளவு. மாமியின் கணக்குத் துல்லியமாக இருந்தது. எத்தனை கூடு பார்த்திருப்பார்கள் என்று கேட்டேன். “எண்ணினேனா” என்றார்கள்.

நான்கு நாள் கழித்து வியாபாரி வந்தார். விஷுவுக்கு முன்னால் அவருக்குக் குலை வேண்டும், எனக்கும் பணம் வேண்டும். முப்பது குலை பேசினோம். கையாலை ஓரத்துக் குலையையும் கணக்கில் சேர்த்துவிட்டார். அது இல்லை என்றேன். காரணத்தைச் சொன்னேன்.

“அக்கா, அதுக்கென்ன, கூட்டோட எடுத்து அடுத்த மூட்டுல வச்சிரலாம். குருவி தேடி வந்திரும்.”

அவர் நல்ல மனுஷர், எனக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். ஆனால் குருவி தேடி வராது. அது திரும்பி வருவது அந்த இடத்துக்கு. முட்டை இருக்கிற நாட்களில் இடம் மாறினால் அல்லது தொந்தரவு கூடினால் கூட்டை விட்டுவிடும். குஞ்சு பொரித்த பிறகுதான் விட்டுப்போக அதற்கு மனது வராது. கூட வந்த பையன், “மனுஷ வாடை பட்டாலே தள்ளை தொடாதுல்ல, நீங்க அன்னைக்கே தொட்டுட்டீங்களே” என்றான். சின்ன வயதில் நானும் அப்படித்தான் நம்பினேன். வாடையால் அது போவதில்லை. நாம் திரும்பத் திரும்பப் போய் எட்டிப்பார்ப்பதால் போகிறது. நாம் போட்ட தடம் பார்த்துக் காக்கையும் வருகிறது. எட்டிப்பார்க்கிற ஆசைதான் ஆபத்து என்று மகளிடமும் சொல்லிவைத்தேன். இருபத்தொன்பது குலையோடு வண்டி போயிற்று.

அந்தக் குலை விளைந்து நின்றது. இன்னும் மூன்று வாரம் விட்டால் மரத்திலேயே பழுக்கும், வெடிக்கும், அணில் வரும், வௌவால் வரும். எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியாது. நானூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. ஒரு ஆள் கூலிகூட இல்லை. நானூறு ரூபாய்க்கு யோசித்த நேரத்துக்காகத்தான் இப்போது வருத்தம்.

துவைக்கிற கல்லிலிருந்து கூடு இருபதடி இருக்கும். துணி துவைக்கும்போது பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். கரண்டு பில் நோட்டில் பின்பக்கம் தேதி போட்டு எழுதினேன். 20-ஆம் தேதி காலை ஒன்று வாயில் பச்சைப்புழு கொண்டு வந்தது. அதுவரை அவை உள்ளே போனால் வெறும் வாயோடுதான் போகும். புழுவைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கல்லுக்கு ஓடினாள்.

ஆணும் பெண்ணும் மாறி மாறி ஊட்டும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் எது எது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. முதல் நாட்களில் முழுக்கப் புழுவும் பூச்சியும். ஒரு வாரம் ஆனதும் பழமும் வர ஆரம்பித்தது. கறிவேப்பிலைப் பழம், பிறகு எங்கிருந்தோ பப்பாளித் துணுக்கு. தென்னைமூட்டுப் பக்கம் நான் போட்டிருந்த வெண்டையில் இலை சுருட்டுகிற புழு இருந்தது. அந்தப் பத்து நாளில் அதை நான் பார்க்கவில்லை. குருவிதான் தின்றது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அவை வெண்டைப் பாத்திக்குள் இறங்கி ஏறுவதைப் பார்த்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். ஊட்டிவிட்டு வெளியே வரும்போது சில தடவை வாயில் வெள்ளையாக ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து, கையாலைக்கு அந்தப் பக்கம் ரப்பருக்குள் கொண்டு போய்ப் போடும். குஞ்சுகளின் எச்சம். குஞ்சு அதை ஒரு மெல்லிய பைக்குள் அடைத்த மாதிரி வெளியேற்றும், தள்ளையும் தகப்பனும் அப்படியே எடுத்துக்கொண்டு போகும். கூட்டில் நாற்றம் இருந்தால் பாம்பும் எறும்பும் வந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை! நான் சருகு கழிப்பதைப்போல அதற்கும் வீட்டுவேலை இருக்கிறது. என் வீட்டுவேலையில் அதன் வீடு போயிருக்கும் என்பதுதான் மனதை அறுத்தது. இந்த எட்டு வருடத்தில் எத்தனை சருகு வெட்டியிருப்பேன். காய்ந்து சுருண்ட வாழைச்சருகுக்குள் தவளை இருக்கும், சின்ன வௌவால் சுருண்டு தூங்கும். சருகோடு கீழே விழுந்து ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். குனிந்து பார்த்ததில்லை.

எங்கள் மாவட்டத்தில் பறவை என்றால் எல்லாரும் தேரூர், சுசீந்திரம் குளங்களைத்தான் நினைப்பார்கள். 2022-இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம், கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வருகிற இடம். போக வேண்டும், பார்க்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் விளைக்குள் ஒரு மூட்டில் நடக்கிறதை எண்ணுவதற்கு அந்த விளைக்காரர்களைத் தவிர யாரும் இல்லை.

24-ஆம் தேதி ஒரு செம்போத்து வந்தது. கையாலை மேல் அடிமேல் அடி வைத்து நடந்து வந்தது, சிவந்த கண்ணால் ஒவ்வொரு மூடாகப் பார்த்துக்கொண்டு. கொண்டைக்குருவிகள் இரண்டும் அதன் தலைக்கு மேலே அடித்துக்கொண்டு கத்தின. செம்போத்து முட்டையும் தின்னும், குஞ்சும் தின்னும். நான் ஓடிப்போய்க் கையைத் தட்டி விரட்டினேன். விரட்டினது சரியா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை. விளையில் நத்தையையும் பூச்சியையும் பிடிக்கிறது அதே செம்போத்துதான், அதற்கும் எங்கோ புதருக்குள் குஞ்சு இருக்கும். அது செய்தது தப்பே இல்லை. ஆனால் கூரையைப் பிய்த்தது நான். அந்தக் கடன் தீர்கிற வரைக்கும் நான் ஒரு பக்கம் நின்றேன்.

27-ஆம் தேதி சாயங்காலம் கோடைமழை. இடியும் காற்றும். ஏத்தனுக்குக் குலை பாரம், காற்று வந்தால் நடுவில் ஒடியும். 2017 நவம்பர் 30 காலையில் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் விளையில் நின்ற வாழை முழுக்கப் படுத்துவிட்டது, பக்கத்து ரப்பரும் வேரோடு சாய்ந்தது. அதற்குப் பிறகு காற்றுச் சத்தம் கேட்டாலே என் கை கயிற்றைத் தேடும். ஊன்றுகம்பு ஏற்கெனவே கொடுத்திருந்தேன். போதாது என்று மழைக்குள் இறங்கி, அந்த மூட்டைப் பிலாவோடு சேர்த்து நைலான் கயிற்றால் கட்டினேன். மகள் குடையைப் பிடித்தாள், குடை திரும்பிக்கொண்டது. மேலே சருகுக்குள் ஒரு சத்தமும் இல்லை. அன்று ராத்திரி மழை நின்றது பதினொரு மணிக்கு. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். தெற்கே மூன்று மூடு ஒடிந்து கிடந்தது. இந்த மூடு நின்றது. நான் கல்லுக்குப் பின்னால் போய் உட்காருவதற்குள் பச்சைப்புழுவோடு ஒன்று உள்ளே போயிற்று.

ஏப்ரல் 1. மகள்தான் முதலில் பார்த்தாள். “அம்மா, வெளிய உக்காந்திருக்கு!” இரண்டு குஞ்சுகள், நான் கட்டின சருகின் மேலேயே. வால் அரைகுறை, கொண்டை கொஞ்சமாக எழும்பியிருந்தது, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பொட்டு இல்லை. அது வளர்ந்த பிறகுதான் வரும். ஒன்று தத்தித் தத்தி மட்டையில் ஏறி, அங்கிருந்து பிலாவுக்குப் பறந்தது. மற்றது ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தது. பக்கத்து வீட்டுச் சிறுவன் வந்து, “அத்தை, ஒண்ணை நான் வளர்க்கட்டுமா” என்று கேட்டான். காட்டுப்பறவையை வீட்டில் அடைக்கக் கூடாது மக்களே, சட்டமும் இருக்கிறது என்றேன். அவனுக்குச் சட்டம் பெரிதாகப் படவில்லை. “அதுக்க அம்மா ஊட்டுகது பாரு” என்று மாமி காட்டினார்கள், அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மத்தியானம் அதுவும் போய்விட்டது. அடுத்த சில நாளும் பிலாவிலும் கறிவேப்பிலையிலும் நான்கும் சேர்ந்து சத்தம் போட்டன. குஞ்சுகள் தாய் தகப்பன் பின்னால் சிறகை நடுக்கிக்கொண்டு வாய் பிளந்து அலைந்தன.

5-ஆம் தேதி குலையை வெட்டினேன். பதினொன்றே கால் கிலோ. இரண்டு சீப்பு பழுத்து, அதில் ஏழெட்டுக் காய் வெடித்திருந்தது. விற்கவில்லை. நல்ல சீப்பு ஒன்றை மாமி கொட்டத்தில் தொங்கவிட்டு விஷுக் கனிக்கு வைத்தார்கள். மீதியை அவித்துத் தின்றோம், அக்கம்பக்கம் கொடுத்தோம்.

குலையைத் திண்ணையில் வைத்து, கூட்டை எடுக்கப் போனேன். உள்ளே பொரிக்காத முட்டை ஒன்று கிடந்தது, நிறம் மங்கி. கூட்டின் வெளிச்சுவர் காய்ந்த புல்லும் வேரும், சருகின் நரம்பும். உள்சுவர் தென்னையின் மெல்லிய நார். நடுவில் ஒரு இடத்தில் ரப்பருக்கு மழைக்காலம் கட்டுகிற பிளாஸ்டிக்கின் கிழிசல், இன்னொரு இடத்தில் ரப்பர் வெட்டின பட்டையில் காய்ந்த ஒட்டுப்பால் இழை ஒன்று. மகளின் தலைமுடி மாதிரி நீளமாக இரண்டு முடியும் இருந்தது.

கூடு குலையைவிட்டு வரவில்லை. இழுத்துப் பார்த்தேன், முதல் சீப்பிலும் அது ஒட்டியிருக்கவில்லை, காய்மேல் சும்மா சாய்ந்துதான் இருந்தது. வேறெங்கோ பிடிமானம் இருக்கிறது. சருகை விலக்கி மேலே தடவிப் பார்த்தேன். பிப்ரவரியில் நான் போட்ட மேல்கட்டு. கட்டினபோது நாரின் இரண்டு நுனியையும் நறுக்காமல் நீளமாக விட்டிருந்தேன். அந்த இரண்டு நுனியையும் கூட்டின் சுவருக்குள் இழுத்து, புல்லோடு புல்லாகச் சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்தது. கூடு முழுக்க அந்தக் கட்டில்தான் தொங்கியது. அன்று காலை நான் வெட்டோத்தியை வைத்த இடத்தில் நாரில் ஒரு கீறல் இருந்தது, பாதி ஆழம்.

மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண் தெரியாததால் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். முடிச்சைத் தொட்டதும் நிறுத்தினார்கள்.